ஊர் வேண்டாம் என்ற யமுனா

காவிரிக் கரையில் எழுந்த காதல் நாவல்களில் ‘மோக முள்’ளுக்கு இணை கிடையாது. இதை நான் அடித்துச் சொல்வேன். மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் 1921-ல் பிறந்த தி. ஜானகிராமன், சுதேசமித்திரனில் தொடராக எழுதியது. எத்தனையாவது தடவை எடுத்தாலும் சாப்பாடு மறந்துபோகிறது எனக்கு. கும்பகோணம் துக்காம்பாளையத் தெருவில் நடந்தால், எந்த வீட்டுத் திண்ணையைப் பார்த்தாலும் உள்ளே யமுனா இருப்பதாகவே தோன்றும்.

பாபு கல்லூரி மாணவன், சங்கீதப் பித்தன். யமுனா அவனைவிடப் பத்து வயது மூத்தவள். அழகு, அறிவு, நிதானம் எதிலும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் பெண் பார்க்க வருகிறவர்கள் பேச்சை முடிக்காமலே நழுவிவிடுகிறார்கள். தகப்பனார் பிராமணர்; தாயார் பார்வதி அவருக்கு இரண்டாம் தாரம், மராத்தியர். அவ்வளவுதான் காரணம்.

1676-ல் ஏகோஜி வந்ததிலிருந்து 1855 வரை மராத்தியர் ஆண்ட தஞ்சைச் சீமை இது. சரபோஜி வளர்த்த சரஸ்வதி மகால் நூலகத்தை வெளியூர்க்காரர்களுக்கு நெஞ்சை நிமிர்த்திக் காட்டுகிறோம். ஆனால் ஒரு மராத்தியத் தாய் பெற்ற பெண்ணைக் கட்டிக்கொள்ள மட்டும் கதையில் ஒரு குடும்பத்துக்கும் மனசு வரவில்லை. தகப்பனாரும் போய், பணமும் கரைந்தபின் கேட்கவே வேண்டாம்.

என்னை உலுக்கி எடுத்தவள் தங்கம்மா. பாபு தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்து வீடு. சின்னஞ்சிறு பெண், ஒரு கிழவருக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். முறைப்படி தாலி ஏறிவிட்டது, ஊர் வாயே திறக்கவில்லை. ஒரு ராத்திரி அவள் பாபுவைத் தேடி வருகிறாள். பிறகு அவன் விலகிப்போக, உயிரை மாய்த்துக்கொள்கிறாள். யமுனாவை வேண்டாம் என்று தள்ளுகிற ஊர்தான் தங்கம்மாவுக்கு அட்சதை போடுகிறது! பிரசங்கமாக ஒரு சொல் கிடையாது. இந்த இரண்டு பெண்களையும் ஒரே கதையில் வைத்தாரே, அங்கேதான் நான் ஜானகிராமனைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் 1813-லேயே கல்யாணச் சந்தையை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்தவர். அவருடைய கதாநாயகி எலிசபெத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அங்கே அவளை விரும்பும் டார்சியின் கர்வம் இறங்கினால் கல்யாணம் கூடிவிடும். யமுனாவுக்குக் குறுக்கே நிற்பது பிறப்பு. அது யார் மனம் மாறியும் இறங்காது.

வருஷங்கள் கழித்து, வறுமையில் வாடி வதங்கி, சென்னையில் இருக்கும் பாபுவிடம் வருகிறாள் யமுனா. இளமை போய்விட்டது. அவன் மனசில் அவள்மேல் இருந்த மோகம் மட்டும் அப்படியே இருக்கிறது. வேலை தேடிக் கொடுக்கிறான், காத்திருக்கிறான். கடைசியில் அவளே தன் விருப்பப்படி அவனோடு இணைய முடிவெடுக்கிறாள். மணமாகாத பெண் அப்படி முடிவெடுத்ததற்கு ஜானகிராமன் அவளைத் தண்டிக்கவில்லை, அழவைக்கவில்லை, தலைகுனியவைக்கவும் இல்லை. ஐம்பதுகளில் வாரப் பத்திரிகைத் தொடரில் இதை எழுத எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

பாபுவின் குரு ரங்கண்ணாவின் சங்கீதத்தைப் பற்றித் தொடங்கினால் இன்னொரு கட்டுரை வேண்டும். ஞான ராஜசேகரன் 1995-ல் எடுத்த படத்தையும் இளையராஜாவின் இசைக்காகவே பாருங்கள். ஆனால் முதலில் புத்தகம். வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதா? ஜாதகத்தை விரிக்கும் முன்னால் ‘மோக முள்’ளை விரியுங்கள். பெண்ணும் படிக்கட்டும், பிள்ளையும் படிக்கட்டும். பெற்றவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.