டேப்பர்தான் வில்!

வில் செய்கிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு மரத்தில்தான் ஆரம்பிக்கும். யூ மரம் உசத்தியா, ஓசேஜ் ஆரஞ்சு உசத்தியா, ஹிக்கரி பலகையே போதுமா? எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கும். ஆனால் மரம் கைக்கு வந்தபிறகு எடுக்கவேண்டிய ஒரு முடிவு இருக்கிறதே, அதைப்போல என்னைத் துள்ளவைப்பது இந்தக் கலையில் வேறு எதுவுமில்லை. அதுதான் டேப்பர்! கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைகிற பகுதியை லிம்ப் என்பார்கள். அது நாண் மாட்டும் நுனியை நோக்கி எப்படிக் குறுகவேண்டும், எப்படி மெலியவேண்டும் என்ற தீர்மானம். வேகம், ஆயுள், கையில் அடிக்கும் அதிர்வு என்று ஒரு வில்லில் நாம் கொண்டாடுகிற அத்தனையிலும் இதற்குப் பங்கு உண்டு.

நாணை இழுக்கும்போது லிம்பை வளைக்கும் விசை கைப்பிடிப் பக்கம் அதிகம். நுனியில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. லிம்ப் முழுக்க ஒரே அளவாக இருந்தால் கைப்பிடிப் பக்கத்து மரம் பாரம் முழுவதையும் சுமந்து நசுங்கும், நுனிப்பக்கம் வேலையில்லாமல் வெறும் எடையாக நிற்கும். எனவே அகலத்தைக் குறைக்கலாம், தடிமனைக் குறைக்கலாம், இரண்டையும் கலந்தும் செய்யலாம். அகலத்தில் 10 சதவீதம் குறைத்தால் விறைப்பும் 10 சதவீதம்தான் குறையும். தடிமனில் அதே 10 சதவீதத்தை எடுத்துப் பாருங்கள், விறைப்பில் 27 சதவீதம் போய்விடும்! விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் மாறுகிறது. காகிதம் போன்ற ஒரு சுருள் மரம் ஸ்கிரேப்பரில் சுருண்டு விழுந்ததும் லிம்பின் வளைவு கண்ணெதிரே மாறுவது இதனால்தான்.

என் மனம் கவர்ந்தது பிரமிட் வில். லிம்பின் தடிமன் நெடுகிலும் ஒன்றே. அகலம் மட்டும் கைப்பிடியை ஒட்டி இரண்டேகால் அங்குலத்தில் தொடங்கி, நேர்கோட்டில் குறுகி, நுனியில் அரை அங்குலத்துக்கு வந்து நிற்கும். விசை எப்படிக் குறைகிறதோ அப்படியே அகலமும் குறைவதால், லிம்ப் அழகான வட்டவில்லாக வளைகிறது. தடிமனும் ஒன்று, வளைவும் ஒன்று என்றால் மரத்தின் ஒவ்வொரு அங்குலமும் ஒரே அளவு உழைக்கிறது. இதைவிட நேர்மையான ஒரு பொருளை நான் பார்த்ததில்லை! கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இந்த வளைவின் கணக்கைப் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர். அவரும் நாக்லர், க்ளாப்ஸ்டெக் என்ற இன்னும் இருவரும் எழுதிய கட்டுரைகள் 1947இல் புத்தகமாக வந்தன. சூத்திரங்கள் நிறைந்த அந்தப் புத்தகம் எனக்குத் துப்பறியும் நாவல்போல ஓடியது.

லிம்ப்களை இழைத்து இழைத்துச் சீராக வளையவைப்பதை டில்லரிங் என்பார்கள். பிரமிட் வில்லை முதல்முதலாக டில்லரிங் மரத்தில் மாட்டுகிற நிமிஷம் இருக்கிறதே! சுவரில் நிற்கும் அந்தக் கட்டையில் கைப்பிடியை உட்காரவைத்து, நாணைக் கப்பி வழியாகக் கீழே இழுத்துக்கொண்டே ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கவேண்டும். தடிமன் சரியாக இழைக்கப்பட்டிருந்தால் முதல் வளைவிலேயே இரண்டு லிம்ப்களும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இறங்கி வரும். வேலையில் பாதியை டேப்பரே முடித்துக் கொடுத்திருக்கும்.

இதற்காக மற்ற வடிவங்களை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் இருக்கும் கான்சஸில், முள்கம்பி பரவுவதற்கு முன்னால் விவசாயிகள் வேலியாக நட்ட ஓசேஜ் மரங்கள் இன்றும் வரிசை வரிசையாக நிற்கின்றன. நசுக்கத்தை அசாத்தியமாகத் தாங்கும் மரம் அது. அதற்கு அகலம் வேண்டாம். ஒன்றரை அங்குலத்தில் பாதி லிம்ப் வரை நேராகப் போய், பிறகு நுனிக்குக் குறுகினால் போதும். அகலம் மாறாத அந்தப் பகுதியில் தடிமன்தான் டேப்பராகிறது. அதனால் நுனியை நோக்கி வளைவு கூடி, நீள்வட்டமாக வளையும். எய்பவருக்கு எதிர்ப்புறமான முதுகில் ஒரே ஆண்டு வளையத்தை வெட்டுப்படாமல் காப்பாற்றிவிட்டு, நாணைப் பார்த்த வயிற்றுப்பக்கம் இழைக்கும்போது, வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெட்டுப்பட்டு மஞ்சள் மரத்தில் கூர்முனைக் கோலங்களாகத் தெரியும். இரண்டு லிம்பிலும் அந்தக் கூர்முனைகள் ஒரே இடைவெளியில் அமைந்தால் டேப்பர் சீராக இருக்கிறது என்று நம்பலாம். மரமே அளவுகோலாகிவிடுகிற அந்தக் காட்சிக்கு நான் அடிமை.

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில், 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் கப்பலின் விற்களைப் பார்த்தபோது கால் நகரவே இல்லை. முழுசாகக் கிடைத்தவை மட்டும் 137, யூ மரத்தில் செய்தவை. அகலமும் தடிமனும் சேர்ந்தே மெலிந்து, கைப்பிடியும் உட்பட முழு வில்லும் வளையும்படி அமைந்தவை. சூத்திரம் எழுதாத காலத்துக் கைகள் செதுக்கிய டேப்பர்! டென்மார்க்கின் ஹோல்மகார்ட் சதுப்பில் கிடைத்த எல்ம் மர வில் அதற்கும் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தியது; கைப்பிடிப் பக்கம் அகலம், நுனிப்பக்கம் ஒடுக்கம். நுனியில் எடை கூடாது என்பது கற்காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

அந்த நுனி எடைதான் முக்கியம். நாணை விட்டதும் லிம்பில் அதிவேகமாகப் பாய்வது நுனி. அங்கே கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிராமும் அம்புக்குப் போகவேண்டிய சக்தியைத் தின்றுவிட்டு, மிச்சத்தைக் கையில் அதிர்வாகக் கொடுக்கும். ஒடுக்கிய நுனியுள்ள வில்லை எய்து பாருங்கள்: நாண் 'டக்' என்று நிற்கும், கை அசையாது, அம்பு போன இடம் தெரியாது!

முதல் வில் செய்யப்போகிறவர்களே, பிரமிடிலேயே ஆரம்பியுங்கள். ரேகை நுனிக்கு நுனி நேராக ஓடும் ஹிக்கரிப் பலகையாகப் பார்த்து வாங்குங்கள். 28 அங்குலம் இழுப்பதற்கு 66 அங்குல நீளமாவது இருக்கட்டும். அகலக் கோட்டை முதலில் வெட்டி முடியுங்கள், தடிமனைப் பிறகு தொடுங்கள். எத்தனை பவுண்ட் வில் வேண்டும் என்று நினைத்திருக்கிறீர்களோ, டில்லரிங் முடிகிறவரை அதற்குமேல் ஒருபோதும் இழுக்காதீர்கள்.