மினி கார் எஞ்சினை ரசிப்பது எப்படி?

1959ஆம் ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தில் வெளிவந்த மினி காரின் பானெட்டைத் திறப்பவர், உள்ளே தெரியும் நெருக்கடியைக் கண்டு முகம் சுளிக்காமல், பத்தடி நீள வண்டிக்குள் நான்கு பேர் சௌகரியமாக அமரவேண்டும் என்ற ஒரே சங்கல்பத்துக்காக அலெக் இஸிகோனிஸ் என்னும் நிபுணர் எத்தனை சம்பிரதாயங்களைத் துறந்தார் என்பதை நினைவில் வைத்து நோக்குவாரானால், அந்த நெருக்கடியிலேயே ஓர் அபூர்வ சௌந்தரியம் அவருக்குப் புலப்படும்.

எஞ்சின் புதியதன்று, 1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 சி.சி. அளவில் தோன்றிய ‘ஏ’ வரிசை வம்சத்தைச் சேர்ந்தது. மினியில் அது 848 சி.சி.யாக அமைந்து, நிமிஷத்துக்கு 5500 சுழற்சியில் 34 குதிரைசக்தி தந்தது. புதுமையெல்லாம் அதை வைத்த விதத்தில்தான்: இஸிகோனிஸ் நான்கு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே கிடத்தி, கியர்பாக்ஸை அதன் அடியில் ஆயில் தொட்டியிலேயே அடக்கி, இரண்டுக்கும் ஒரே ஆயிலை நியமித்துவிட்டார்.

ஆகவே ரசிகர் முதலில் செவியைப் பழக்கவேண்டும். எஞ்சினின் சக்தியைக் கீழேயுள்ள கியர்பாக்ஸுக்கு இறக்கிக் கொடுக்கும் பற்சக்கரங்களின் ரீங்காரம், கச்சேரியில் தம்புராவைப்போல, ஓட்டம் முழுவதும் பின்னணியில் ஒலிப்பது இவ்வண்டியின் சுபாவம். ஆனால் வண்டி நிற்கையில் கடகடத்து, கிளட்சை மிதித்ததும் அடங்கிவிடும் ஓசையோ தேய்மானத்தின் அறிகுறி. ஆயில் மாற்றும்போது காந்தம் பதித்த வடிகால் திருகையும் பாருங்கள்: சாம்பல் நிற மென்பசை இயல்பானது, உலோகச் செதில்கள் அபாயம். கியர்கள் உதிர்க்கும் துகள் எஞ்சின் பேரிங்குகளையும் எட்டுமாதலால், இந்த எஞ்சினுக்கு ஆயிலில் சிக்கனம் பார்ப்பது பெருந்தவறு.

மழை இதன் ஜன்மப் பகை. டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறம், கிரில்லுக்கு நேர் பின்னே இருப்பதால், கொட்டும் மழையில் நீர் தெறித்து எஞ்சின் விக்கி நின்றுவிடும். அதன்மேல் ரப்பர் கையுறை ஒன்றை மாட்டி, விரல் நுனிகளின் வழியே ஒயர்களை வெளியே எடுத்துவிட்ட சொந்தக்காரர்களின் யுக்தியை நான் மனமாரப் போற்றுகிறேன்.

நடு இரு சிலிண்டர்களும் ஒரே புகைவழியைப் பகிர்ந்துகொள்வதால் உஷ்ணம் அங்கேதான் குவிகிறது. ஹெட் கேஸ்கட்டும் பெரும்பாலும் அவ்விடைவெளியிலேயே எரிகிறது. அடுத்தடுத்த இந்த இரண்டிலும் மட்டும் அழுத்தம் குறைந்திருந்தால், சந்தேகத்துக்கு இடமில்லை. டாப்பெட் ஓசையை மட்டும் முற்றிலும் அடக்க முயலாதீர்கள். 12 ‘தௌ’ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வால்வு இடைவெளியைக் குறைத்து மௌனத்தை வாங்கினால், எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடாமல் எரிந்துபோகும்.