மேர்கல் நஜ்ஜாஷியா?

2015 செப்டெம்பரில் சிரிய அகதிகள் ஜேர்மனிக்குள் வரத் தொடங்கியதும், அந்நாட்டுச் சான்ஸலர் அங்கெலா மேர்கலின் பெயரில் ஒரு வாசகம் அரபு சமூக ஊடகங்களில் சுற்றியது. மக்கா கிட்ட இருக்க, சிரிய மக்கள் எங்களைத் தேடி வந்தார்கள் என்று நாளை எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம் என்பது அதன் கருத்து. அவர் அப்படிப் பேசியதாக நம்பத்தக்க பதிவு ஒன்றுமில்லை. ஆனாலும் ஹபஷா மன்னர் நஜ்ஜாஷியோடு அவரை ஒப்பிடும் பழக்கம் அப்போது வந்தது, இன்னும் போகவில்லை.

ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லும்?

இதே மனிசிதான் 2010 ஒக்டோபரில் பொட்ஸ்டாமில் தன் கட்சி இளைஞர்கள் முன்னே நின்று, பல்கலாசார சமூகம் அமைக்கும் முயற்சி முற்றாகத் தோற்றுவிட்டது என்றார். 2015 ஜனவரியில் இஸ்லாம் ஜேர்மனிக்கு உரியது என்றார். அந்த ஜூலையில் ரொஸ்டொக் நகரில், நாடு கடத்தப்படுவோமோ என்று பயந்திருந்த ஒரு பலஸ்தீனச் சிறுமியிடம், எல்லாரையும் எங்களால் ஏற்க முடியாது என்று கமெராவுக்கு முன்னே சொல்லி, பிள்ளை அழுததும் தலையைத் தடவிக் கொடுத்தார். ஆறு வாரம் கழித்து, ஓகஸ்ட் 31இல், "நம்மால் முடியும்". 2016 டிசம்பரில் எஸ்ஸன் கட்சி மாநாட்டில், சட்டம் இடம் தரும் இடமெல்லாம் முகத்திரைக்குத் தடை வேண்டும் என்றார். இதில் எந்த மேர்கல் உண்மை என்று கேட்பது வீண் வேலை. ஐவரும் ஒருவர்தான்.

அவர் எல்லையைத் திறந்தார் என்று ஆதரவாளரும் எதிரிகளும் ஒருசேரச் சொல்லுகிறார்கள். திறப்பதற்கு அங்கே பூட்டிய கதவு இருக்கவில்லை. ஷெங்கன் ஏற்பாட்டின்படி ஒஸ்திரியாவுக்கும் ஜேர்மனிக்கும் இடையில் எல்லை ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. புடாபெஸ்டிலிருந்து நெடுஞ்சாலை வழியே நடந்து வந்தவர்களை மறிப்பதா விடுவதா என்பதே செப்டெம்பர் 4 இரவின் கேள்வி. அன்று விடச் சொன்னார். ஒன்பது நாள் கழித்து எல்லைச் சோதனை வந்தது. அகதிகளைத் திருப்பியனுப்பும் உத்தரவும் தயாராக இருந்ததாகவும், அதனால் எழக்கூடிய காட்சிகளுக்குப் பொறுப்பேற்க ஒருவரும் முன்வராததால் அது கைவிடப்பட்டதாகவும் ரொபின் அலெக்ஸாண்டர் என்ற ஊடகவியலாளர் 2017இல் எழுதிய நூல் வாதிடுகிறது.

அந்த ஆண்டு வந்தவர்கள் ஏறக்குறைய 890,000 பேர். இந்த எண்ணிக்கையைச் சாதாரணமாகக் கடந்துவிடக் கூடாது. வேறெந்த ஐரோப்பியத் தலைவரும் அந்தச் சுமையைத் தோளில் ஏற்றவில்லை. அது அவருக்குரிய பெருமை, குறைக்க மாட்டேன். ஆனால் சில மாதங்களில், 2016 மார்ச்சில், துணைப் பாதுகாப்பு மட்டும் கிடைத்தவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் உரிமை இரண்டு வருடத்துக்கு நிறுத்தப்பட்டது. அதே மாதம் 18இல் துருக்கியோடு ஐரோப்பிய ஒன்றியம் உடன்பாடு செய்தது. கிரேக்கத் தீவுகளுக்குப் புதிதாகக் கடந்து வருபவர்களைத் துருக்கி திரும்ப ஏற்க வேண்டும். அங்குள்ள அகதிகளுக்கென இரு கட்டமாக 600 கோடி யூரோ.

நஜ்ஜாஷியின் கதையை நாம் பாதியாகத்தான் சொல்லி வருகிறோம். அவர் அழுததைச் சொல்லுவோம், அதற்கு முந்தியதை விட்டுவிடுவோம். குறைஷித் தூதுவர்கள் அன்பளிப்புகளோடு வந்து, ஓடி வந்தவர்களைத் தரச் சொன்னார்கள். அவர்களின் பேச்சையும் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார் மன்னர். ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரழி) எழுந்து வழக்கை எடுத்துரைத்தார்கள், சூரா மர்யமிலிருந்து ஓதினார்கள். பிறகுதான் முடிவு. அன்பளிப்புகளும் திரும்பிப் போயின. துருக்கி உடன்பாட்டில் அன்பளிப்பு எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போனது என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

2024 நவம்பரில் வெளியான 'சுதந்திரம்' என்ற தன் நினைவுக்குறிப்பில், அகதி ஒருவரோடு எடுத்த படத்தில் தன் முகம் சிநேகமாக இருந்ததால் மக்கள் கூட்டம் கூட்டமாக நாட்டை விட்டு ஓடி வந்தார்கள் என்று எப்படி நம்ப முடியும் என மேர்கல் வியக்கிறார். நியாயமான வியப்பு. அது அவருடைய எதிரிகளுக்கான பதில். நமக்கும் அதுதான் பதில். 2017இல் 12.6 வீத வாக்கோடு பாராளுமன்றத்துக்குள் நுழைந்த ஏ.எப்.டி. கட்சி அவரைத் துரோகி என்றது, நாம் தாய் என்றோம். இரண்டு பக்கமும் பார்த்தது அந்த முகத்தைத்தான். புகலிடம் தந்தது ஜேர்மன் அடிப்படைச் சட்டத்தின் 16அ பிரிவும் 1951 அகதிகள் சாசனமும், அவற்றின் வழிவந்த விதிகளும். நாஸிகள் காலத்துக்குப் பிறகு எழுதப்பட்ட எழுத்து அது.

அந்த எழுத்து இல்லாத இடம் எப்படியிருக்கும் என்று பார்க்க நமக்கு நீர்கொழும்பு போதும். இலங்கை அந்தச் சாசனத்தில் கைச்சாத்திடவில்லை. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள் வாடகை வீடுகளிலிருந்து விரட்டப்பட்டு, பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் வாரக்கணக்கில் கிடந்தார்கள். யாருடைய மனம் இளகும் என்று காத்திருப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

2025 ஜனவரியில் மேர்கலின் கட்சித் தலைவர் பிரீட்ரிஷ் மேர்ட்ஸ், எல்லையில் அகதிகளைத் திருப்பியனுப்பக் கோரும் தீர்மானத்தை ஏ.எப்.டி. வாக்குகளோடு நிறைவேற்றினார். மறுநாளே அது பிழை என்று மேர்கல் அறிக்கை விட்டார். மே மாதம் மேர்ட்ஸ் சான்ஸலரானார். அவர் பதவியேற்ற இரண்டாம் நாளே எல்லையில் புகலிடம் கேட்பவர்களையும் திருப்பியனுப்பலாம் என்ற உத்தரவு வந்தது. ஜூனில் பெர்லின் நிர்வாக நீதிமன்றம், மூன்று சோமாலியர்களை அப்படித் திருப்பியனுப்பியது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது.