மானம் காத்த மகள்கள்

2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கிற்கு இந்தியா அனுப்பிய அணி, அதுவரை அனுப்பியவற்றிலேயே பெரியது. ஆகஸ்ட் 5ஆம் தேதி தொடக்க விழா. பதினாறாம் தேதி முடியும்வரை பதக்கப் பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லை. பதினேழாம் தேதி, ஹரியானாவின் மோக்ரா கிராமத்தைச் சேர்ந்த சாக்‌ஷி மாலிக், 58 கிலோ பிரிவு மல்யுத்தத்தில் 0-5 என்று பின்தங்கியிருந்த ஆட்டத்தை 8-5 என்று முடித்து வெண்கலம் வென்றார். இரண்டு நாள் கழித்து பி.வி. சிந்து பேட்மின்டனில் வெள்ளி வென்றார். அத்துடன் சரி. இரண்டு பதக்கம், 67ஆவது இடம். இரண்டையும் வென்றவர்கள் பெண்கள்.

அந்த வாரத்து நாளிதழ்களையும் தொலைக்காட்சி விவாதங்களையும் அரசியல் தலைவர்களின் வாழ்த்துகளையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசித்தால், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இரண்டு. ஒன்று மகள். இன்னொன்று மானம். தேசத்தின் மகள்கள் தேசத்தின் மானத்தைக் காப்பாற்றிவிட்டார்கள் என்பதே எல்லா வாழ்த்துகளின் சாரம். நான் மொழியைப் பாடமாக நடத்துகிறவள். ஒரு சொல் எல்லார் வாயிலும் ஒரே நேரத்தில் வரும்போது அது என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பது என் தொழில்.

ஆண்களையும் ‘தங்க மகன்’ என்று எழுதுகிறோமே என்று கேட்கலாம். எழுதுகிறோம்தான். ஆனால் தங்க மகன் தங்கத்தால் புகழ் பெறுகிறான். அவன் பிறந்ததற்கு நியாயம் கற்பிக்கும் பொறுப்பு அந்தத் தங்கத்துக்கு இல்லை. ரியோவுக்குப் பிறகு பலரும் மகிழ்ச்சியோடு எழுதிய வாக்கியம் ஒன்று உண்டு: பெண் குழந்தையைக் கருவிலேயே கொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். நல்லெண்ணத்தில் எழுதியவர்களே அதிகம். அதன் உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள். பெண் உயிரோடு இருப்பதற்கு ஒரு வெண்கலம் சான்றாகக் கேட்கப்படுகிறது. அப்படியானால் பதக்கம் வாங்காத கோடிக்கணக்கான பெண்கள் எதைக் காட்டி உயிரோடு இருப்பது? அந்த ஆண்டே ஹரியானா அரசு சாக்‌ஷியைப் பெண் குழந்தைகளைக் காப்போம் திட்டத்தின் விளம்பரத் தூதராக அறிவித்தது.

அடுத்தது மானம். தமிழில் இந்தச் சொல் ஆணுக்கும் நாட்டுக்கும் வரும்போது பெருமிதம், தன்மதிப்பு. பெண்ணுக்கு வரும்போது அது அவள் உடலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. பெண்மீது நடத்தப்படும் பாலியல் வன்முறையை நம் செய்தித்தாள்கள் நெடுங்காலம் ‘மானபங்கம்’ என்றே எழுதின. குற்றம் செய்தவன் ஒருவன். பங்கப்படுவது அவள் மானம். நாட்டின் மானத்தைக் காக்க அனுப்பப்படுகிற பெண்ணின் மானம் எங்கே இருக்கிறது, அதைக் காப்பது யார் என்ற கேள்வி 2016இல் யாருக்கும் எழவில்லை. ஏழு ஆண்டு கழித்து சாக்‌ஷியே அதைத் தெருவில் உட்கார்ந்து கேட்க வேண்டியிருந்தது.

2023 ஜனவரியில் சாக்‌ஷி மாலிக், வினேஷ் போகத், பஜ்ரங் புனியா முதலியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்தில் அமர்ந்தார்கள். மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவரும் ஆளுங்கட்சி நாடாளுமன்ற உறுப்பினருமான பிரிஜ் பூஷண் சரண் சிங் வீராங்கனைகளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினார் என்பது புகார். அவர் மறுத்தார். ஏப்ரலில் மீண்டும் அமர்ந்தார்கள். வீராங்கனைகள் உச்ச நீதிமன்றம்வரை போன பிறகே டெல்லி காவல்துறை முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்தது. மே 28 அன்று, புதிய நாடாளுமன்றக் கட்டடம் திறக்கப்பட்ட அதே நாளில், அதை நோக்கி நடந்தவர்களைக் காவல்துறை சாலையில் இழுத்து வண்டியில் ஏற்றியது. தேசத்தின் மகள் தேசத்தின் தரையில் கிடந்த புகைப்படங்களை எல்லாரும் பார்த்தோம்.

அந்த ஏப்ரலில், தெருவில் இறங்கிப் போராடுவது ஒழுங்கீனம், நாட்டின் பெயருக்கு இழுக்கு என்று கண்டித்தவர் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் பி.டி. உஷா. 1984இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தவர். என் தலைமுறைப் பெண் பிள்ளைகளுக்கு ஓடலாம் என்று காட்டியவர். எதிர்ப்பு எழுந்த பின் அவர் போராட்டக்காரர்களைப் போய்ப் பார்த்து ஆதரவு சொன்னார். ஆனாலும் அந்த முதல் வாக்கியம் முக்கியமானது. மானத்தின் மொழியைப் பேச ஆணாக இருக்க வேண்டியதில்லை. நாற்காலியில் இருந்தால் போதும். காப்பாற்றியபோது எந்த மானத்தின் பெயரால் கொண்டாடினார்களோ அதே மானத்தின் பெயரால்தான் வாயை மூடச் சொன்னார்கள். ஒரே சொல், இரண்டு பயன். மகளைப் பாராட்டவும் அடக்கவும் ஒரே அதிகாரம் தந்தைக்கு இருப்பதுபோல.

‘மகள்’ என்ற சொல் பறித்துக்கொள்வது இதைத்தான். குடிமகள் உரிமை கேட்கலாம். வழக்குத் தொடுக்கலாம். கூட்டமைப்பின் கணக்கைக் காட்டச் சொல்லலாம். மகளுக்குக் கிடைப்பது பரிசு, செல்லம், கண்டிப்பு. குடும்ப விஷயத்தை வெளியே பேசக் கூடாது என்பது மகளுக்கு விதிக்கப்படும் முதல் சட்டம்.

மே 30 அன்று அவர்கள் தங்கள் பதக்கங்களைக் கங்கையில் விட ஹரித்வார் போனார்கள். விவசாயத் தலைவர்கள் தடுத்து அழைத்துவந்தார்கள். பதக்கம் நாட்டின் சொத்து, அதை ஆற்றில் விட இவர்கள் யார் என்று அன்று கேட்டவர்கள் உண்டு. எனக்குப் புறநானூற்றுப் பரிசிலர்கள் நினைவுக்கு வந்தார்கள். அதியமான் தன்னை நேரில் காணாமல் கொடுத்தனுப்பிய பொருளை வேண்டாம் என்று மறுத்தவர் பெருஞ்சித்திரனார். பரிசில் பெறும் நிலையில் இருந்தவர்தான், வறுமையும் இருந்தது. ஆனால் தன்னைப் பார்க்காத கையிலிருந்து வாங்குவது பரிசில் ஆகாது என்பது அவர் கட்சி. மல்யுத்த வீராங்கனைகள் செய்யப்போனதும் அந்த மறுப்புத்தான். என் பதக்கத்தைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 21 அன்று கூட்டமைப்பின் தேர்தலில் பிரிஜ் பூஷணுக்கு நெருக்கமானவர் வென்றதும், சாக்‌ஷி தன் காலணிகளை மேசைமேல் எடுத்துவைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டு விலகுவதாக அறிவித்தார். ரியோவின் இரண்டு பதக்கங்களில் ஒன்று அப்படி முடிந்தது. பட்டியலில் அது இன்னும் ஒன்று என்றே இருக்கிறது.

பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டவரும் இருக்கிறார். அவர் நம்மூர்க்காரர். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்திரராஜன் 800 மீட்டர் ஓட்டத்தில் 2 நிமிடம் 3.16 நொடியில் ஓடி வெள்ளி வென்றார். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள், தலித் பெண். சில நாளில் பாலினச் சோதனை, பதக்கம் பறிக்கப்பட்டது. அவருடைய மருத்துவ விவரம் ரகசியமாக வைக்கப்படவில்லை, நாடெங்கும் செய்தியாயிற்று. அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை. பாதை மாறி ஓடவில்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அது குற்றமாயிற்று. இந்தியாவின் தோஹா கணக்கு 10 தங்கம், 17 வெள்ளி, 26 வெண்கலம், ஆக 53 என்று நிற்கிறது. அந்தப் பதினேழில் சாந்தி இல்லை.

தமிழக அரசு அறிவித்திருந்த 15 லட்ச ரூபாயை அன்றைய முதல்வர் கருணாநிதி அவருக்குக் கொடுத்தார். அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்திய விளையாட்டு அமைப்புகள் அவருக்காக வழக்காடவில்லை. 2009இல் பெர்லினில் காஸ்டர் செமன்யா இதே 800 மீட்டரில் தங்கம் வென்று இதே சந்தேகத்துக்கு ஆளானபோது தென்னாப்பிரிக்க அரசும் மக்களும் அவர் பக்கம் நின்றார்கள். பதக்கம் அவரிடமே இருந்தது. 2014இல் ஒடிசாவின் டூட்டி சந்த் காமன்வெல்த் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது வழக்கு நடந்தது, 2015இல் அந்த விதி நிறுத்திவைக்கப்பட்டது. சாந்திக்கு அப்படி யாரும் வரவில்லை. அவர் பிறகு செங்கல் சூளைக்கே வேலைக்குப் போனார் என்பதைச் செய்தியாகப் படித்தோம். வெகு காலம் கழித்துத்தான் பயிற்சியாளர் வேலை கிடைத்தது.

சாந்தி ‘தேசத்தின் மகள்’ என்று எத்தனை நாள் அழைக்கப்பட்டார்? பதக்க மேடைக்கும் சோதனை முடிவுக்கும் இடைப்பட்ட சில நாள்தான். மகள் என்ற உறவுக்குள் நுழைய அவள் வென்றாலும் போதாது. மகளுக்குரிய உடல் என்று அவர்கள் எழுதிவைத்திருக்கும் இலக்கணத்துக்குள் பொருந்தவும் வேண்டும். சாதியும் அந்த இலக்கணத்தில் உண்டு. 2021இல் டோக்கியோவில் மகளிர் ஹாக்கி அணி அரையிறுதியில் தோற்ற அன்று, வீராங்கனை வந்தனா கட்டாரியாவின் ஹரித்வார் வீட்டின் முன் வெடி வெடித்து, சாதியைச் சொல்லி ஏசினார்கள். அணி நான்காம் இடத்தில் முடித்தது. வென்றால் மகள், தோற்றால் சாதி.

இதெல்லாம் ஒலிம்பிக்கில் மட்டும் நடப்பதில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவிகள் என் வகுப்பில் ஆண்டுதோறும் உண்டு. கபடி ஆடும் ஒருத்தி மாநிலப் போட்டியில் வென்று வந்தபோது கல்லூரி வாசலில் ‘எங்கள் செல்ல மகள்’ என்று பதாகை கட்டினார்கள். அதே வாரம் பயிற்சி முடிந்து விடுதிக்கு அரை மணி நேரம் தாமதமாக வந்ததற்கு அவளிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். அவள் என்னிடம் கேட்டாள்: “மேடம், மைதானத்துக்கு விளக்கு போடச் சொல்லி எழுதிக் குடுத்து ரெண்டு வருஷமாச்சு. அதுக்கு யாருகிட்ட விளக்கக் கடிதம் வாங்குறது?” பதாகையில் மகள் என்று எழுதியவர்களிடம் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஏனென்றால் அது குடிமகளின் கேள்வி.

2024இல் பாரிஸில் வினேஷ் போகத் இறுதிப் போட்டிக்குச் சென்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை ஆனார். மறுநாள் காலை எடை 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதி நீக்கம். சென்ற ஆண்டு சாலையில் இழுக்கப்பட்ட அதே பெண்ணுக்காக நாடு முழுவதும் கண்ணீர் விட்டது. எடை விதி எல்லாருக்கும் பொது என்பது உண்மை. அதைச் சதி என்று சொல்ல நான் வரவில்லை. நான் கவனித்தது அந்தக் கண்ணீரை. 100 கிராமுக்கு அழுதவர்களில் எத்தனை பேர் 2023இன் நாற்பது நாள் தெருவாசத்துக்கு ஒரு வார்த்தை பேசினார்கள்? இழந்தது பதக்கம் என்றால் துக்கம். இழந்தது ஒரு பெண்ணின் நிம்மதி என்றால் அரசியல்.

பதக்கங்களை எண்ண வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாக்‌ஷி 0-5இலிருந்து எழுந்து வந்த அந்த நிமிடங்களைப் பார்த்து நானும் கத்தியிருக்கிறேன். கூடவே வேறு சிலவற்றையும் எண்ணச் சொல்கிறேன். எத்தனை விளையாட்டுக் கூட்டமைப்புகளில் செயல்படும் புகார்க் குழு இருக்கிறது? பயிற்சியாளர்களில் பெண்கள் எத்தனை பேர்? எத்தனை மைதானங்களில் பூட்டும் தாழ்ப்பாளும் உள்ள கழிப்பறை இருக்கிறது? 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடும் எல்லாரும் ஒருமுறை மரபணுச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அடுத்த சாந்திக்கு அந்த முடிவு வரும் நாளில் அவளுடைய கூட்டமைப்பு எந்தப் பக்கம் நிற்கும்?

அடுத்த போட்டியில் ஒரு பெண் வெல்வாள். அவளை மகள் என்று அழைக்கும் முன் அவள் பெயரைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், ஓடிய நேரத்தைச் சொல்லுங்கள். சாந்தி சௌந்திரராஜன், கத்தக்குறிச்சி, 2 நிமிடம் 3.16 நொடி. இந்த ஓட்டம் நடந்தது. தோஹா பட்டியலில் அதற்கு இடமில்லை என்றால் நம் பட்டியலில் எழுதிவைப்போம்.