குறியீடாகிவிட்ட நாய்

யான் வான் ஐக் 1434இல் தீட்டிய அர்னோல்ஃபினி ஓவியம் லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. கைபற்றி நிற்கும் இருவர். காலடியில் சடைமயிர் நாயொன்று. 1934இல் எர்வின் பனோஃப்ஸ்கி இதைத் திருமணச் சடங்கு என்றார். நாயை விசுவாசத்தின் குறியீடு என்றார். நடப்பது திருமணம்தானா என்பதே பின்னர் சர்ச்சைக்குள்ளாயிற்று. ஆனால் நாயின்மேல் ஒட்டிய விசுவாசம் உதிரவில்லை.

அகச்சிவப்புச் சோதனையில், வண்ணத்துக்கு அடியிலுள்ள கோட்டு வரைவில் நாய் இல்லை. பின்சுவர்க் கண்ணாடியிலும் இல்லை. ஓவியன் நேரே தூரிகையால், மயிர் மயிராக, அதைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறான். தம்பதி நம்மைப் பார்ப்பதில்லை, நாய் பார்க்கிறது.

நம் கவிதையில் ஒரு நாய் வந்தால் போதும், அது எதைக் குறிக்கிறது என்று உடனே கேட்கிறோம். முதலில் அந்த மயிரைப் பார்ப்போம். அர்த்தம் பிறகு வரலாம், வராமலும் போகலாம்.