திருத்துவார் இல்லாத மொழி: திறந்த அறிவுத் திட்டங்களில் தன்னார்வமும் சிறுமொழிகளும்

முன்னுரை

அச்சகமும் பதிப்பாளரும் அரசும் கைவிட்ட மொழிக்கும் இணையத்தில் இடமுண்டு. ஆர்வமுள்ள எவரும் அதனை அங்கு வளர்த்தெடுக்கலாம். திறந்த அறிவுத் திட்டங்கள் சிறுமொழிகளுக்கு அளிக்கும் வாக்குறுதி இதுவே. விக்கிப்பீடியா, விக்கிமூலம், மொசில்லாவின் காமன் வாய்ஸ் முதலானவை இந்நம்பிக்கையின் மீதே இயங்குகின்றன. இதில் உண்மை உண்டு. ஆயினும் ‘ஆர்வமுள்ள எவரும்’ என்னும் தொடர் ஆராயப்பட வேண்டியது. ஒரு மொழியின் சிறுமை அதனைப் பேசுவோரின் எண்ணிக்கையால் மட்டும் அமைவதன்று. அம்மொழியில் எழுதப்படுவதைப் படித்து ‘இது பிழை’ என்று சொல்ல அத்தளத்தில் ஆள் இல்லாமையாலும் அமைகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஸ்காட்ஸ்: நல்லெண்ணத்தின் எல்லை

ஸ்காட்லாந்தின் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தமக்கு ஸ்காட்ஸ் மொழி பேசத் தெரியும் எனப் பதிவு செய்தனர். 2005இல் தொடங்கிய ஸ்காட்ஸ் விக்கிப்பீடியாவில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளை அம்மொழி அறியாத அமெரிக்க இளைஞர் ஒருவரே எழுதியிருந்தார் என்பது 2020 ஆகஸ்டில் வெளிப்பட்டது. ஆங்கில வாக்கியத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அகராதியின் துணையால் சொற்களை மட்டும் மாற்றுவது அவர் கையாண்ட முறை. பன்னிரண்டு வயதில் அப்பணியைத் தொடங்கிய அவருக்குத் தீய நோக்கம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. பலரும் அவரைக் கடுமையாகத் தாக்கினர். ஆனால் பிழையின் வேர் அத்தனிமனிதரிடம் இல்லை. 15 இலட்சம் பேர் பேசும் ஒரு மொழியின் தளத்தில், ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், அவ்வெழுத்தைத் தடுத்துத் திருத்தும் அளவிற்கு ஒரு குழு உருவாகவில்லை என்பதே கருதத்தக்கது.

பிலிப்பைன்சின் செபுவானோ மொழி இதன் மற்றொரு முகம். அம்மொழி விக்கிப்பீடியாவில் 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன; கட்டுரை எண்ணிக்கையில் ஆங்கிலத்துக்கு அடுத்த இடம் அதற்கே. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை சுவீடனைச் சேர்ந்த சுவர்க்கர் யோகான்சன் உருவாக்கிய தானியங்கி நிரல் தரவுத்தளங்களிலிருந்து ஆக்கியவை. உயிரினங்களும் ஊர்களும் பற்றிய சிறு குறிப்புகளாகிய இவை பிழையற்றவையாகவே இருப்பினும், ஒரு சமூகம் தனக்கு வேண்டியதை எழுதிக்கொண்டதன் விளைவு ஆகா. எண்ணிக்கையை வளர்ச்சியின் அளவுகோலாகக் கொள்வோர்க்கு இது வெற்றியாகத் தோன்றும். வாசகரின்றி நிற்கும் நூலகத்தை வெற்றி என்பது எங்ஙனம்?

தமிழின் பட்டறிவு

தமிழ் இவ்வகையில் ஒரு சான்று. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில், 2009ஆம் ஆண்டையொட்டி, கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொண்டு ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கட்டுரைகளைச் சேர்த்தது. ஆங்கிலத் தொடரமைப்பு மாறாத நடை, தமிழ் வாசகர்க்குத் தேவையற்ற தலைப்புகள், சிவப்பு இணைப்புகளின் மிகுதி ஆகிய குறைகளைத் தமிழ் விக்கிப்பீடியர் சுட்டினர். நிறுவனத்தோடு உரையாடி நெறிமுறைகளை முன்வைத்தனர். 2010இல் போலந்தின் குதான்ஸ்க் நகரில் நிகழ்ந்த விக்கிமேனியா மாநாட்டிலும் இம்மீளாய்வு முன்வைக்கப்பட்டது. வங்க மொழி விக்கிப்பீடியர் அத்தகைய கட்டுரைகளை ஏற்கவே மறுத்தனர்.

இங்கு ஸ்காட்சிலிருந்து தமிழை வேறுபடுத்தியது பேசுவோர் தொகை அன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலாகத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் எழுத்துரு வடிவமைத்தும் பழகிய தன்னார்வலர் மரபு ஒன்று தமிழில் முன்பே இருந்தது. ‘இது தமிழன்று’ என்று சொல்லும் துணிவு அம்மரபிலிருந்தே பிறந்தது.

திறப்பும் காப்பும்

திறந்த உரிமம் எப்போதும் நன்மையே என்னும் கருத்தும் மறுஆய்வுக்குரியது. நியூசிலாந்தின் தே ஹிக்கு ஊடக நிறுவனம் 2018இல் மாவோரி மக்களிடமிருந்து பத்து நாட்களில் 300 மணி நேரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகளைத் திரட்டியது. அத்தரவைத் தடையின்றி வழங்கிவிடாமல், காவற்பொறுப்பு என்னும் மாவோரிக் கருத்தாக்கத்தின் பெயராலேயே தனி உரிமம் ஒன்றை வகுத்தது. மறுதலையாக, காமன் வாய்ஸ் தொகுப்புகள் எவரும் எதற்கும் பயன்படுத்தத்தக்க வகையில் வெளியிடப்பட்டு வந்துள்ளன. தமிழ் போன்ற மொழிக்குப் பின்னது பெரும்பயன் தரலாம். தன் மொழி ஒடுக்கப்பட்ட நினைவு மாறாத சமூகத்திற்கு முன்னதே ஏற்புடையதாகலாம். எது தகும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அம்மொழியினரே.

ஒரு மறுப்பும் விடையும்

வெளியார் தொடங்காவிடில் சில மொழிகளில் எதுவுமே தொடங்காது என்பர். இம்மறுப்பு வலுவுடையது. தோடர் மொழிக்கு அமெரிக்க அறிஞர் எமனோ செய்த பணி வெளியார் பணியே. 1971இல் வெளிவந்த அவரது தோடர் பாடல் தொகுப்பு இன்றும் அடிப்படை நூலாக விளங்குகிறது. ஆனால் அவர் பேசுவோரிடம் கேட்டு, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினார். ஆகவே சிக்கல் வெளியார் என்பதில் இல்லை. கேளாமல் எழுதுவதில் உள்ளது.

புதிய மொழிப்பதிப்பு ஒன்றை ஏற்குமுன் விக்கிமீடியாவின் மொழிக்குழு தொடர்ந்த பங்களிப்பையும் மொழியறிந்தாரின் சரிபார்ப்பையும் எதிர்நோக்குகிறது. துளு விக்கிப்பீடியா பல ஆண்டுகள் முன்தளத்தில் வளர்ந்து 2016இலும், ஒல் சிக்கி எழுத்திலமைந்த சந்தாளி விக்கிப்பீடியா 2018இலும் இவ்வழியே வந்தன. பிறப்பின்போது செய்யும் இச்சோதனை வளர்ச்சியிலும் தொடர்வதற்கான ஏற்பாடு இல்லை என்பதே குறை. இயந்திர மொழிபெயர்ப்பு பரவிய இக்காலத்தில் இக்குறை பெரிதாகிறது. மொழிக் கருவிகள் விக்கிப்பீடியாவிலிருந்து கற்கின்றன. சிறுமொழியில் அவற்றுக்குக் கிடைக்கும் எழுத்தில் பெரும்பகுதி அதுவாகவே இருக்கலாம். அங்குள்ள பிழை கருவிக்குச் சென்று, கருவியிலிருந்து மீண்டும் அங்கு வந்து சேரும்.

நிறைவாக

தன்னார்வலரின் முதற்பணி கட்டுரை எழுதுவதன்று. எழுத்துரு, விசைப்பலகை, எழுத்துமுறை ஆகியவற்றைப் பேசுவோரோடு இணைந்து அமைத்து, படித்துத் திருத்தும் சிலரை உருவாக்குவதே. இது தமிழாய்வாளர்க்குத் தொலைவான செய்தி அன்று. நீலகிரியின் தோடர், கோத்தர் மொழிகள் மிக ஆபத்தான நிலையில் உள்ளனவாக யுனெஸ்கோ வகைப்படுத்தியுள்ளது. தோடர் மொழியின் ஒலிகள் பலவற்றைத் தமிழ் எழுத்தால் குறிக்க இயலாது. நாளை நம் மாணவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு அம்மொழியில் ஆயிரம் கட்டுரைகளை ஆக்க முன்வரலாம். கூகுளின் மொழிபெயர்ப்புகளை நோக்கி நாம் அன்று எழுப்பிய வினாக்களை அப்போது நம்மை நோக்கியே எழுப்பிக்கொள்ள வேண்டும். பெருமொழியின் இடத்தில் அங்கு நிற்பது தமிழாக இருக்கும்.