குழலைக் கவிழ்த்துப் பார்

பழைய டபுள் பேரல் துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் எல்லாருடைய கண்ணும் பக்கத் தகட்டுப் பூவேலைக்குத்தான் போகும். பிறகு வளைந்த குதிரைகளுக்கு, வால்நட் கட்டையின் வரியோட்டத்துக்கு. விஷயம் தெரிந்தவர் அதை மடக்கி, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, குழல்களைக் கழற்றிக் கவிழ்ப்பார். அதன் ஜாதகம் அடியில்தான் பொறித்திருக்கிறது.

பழவேற்காட்டு வாத்துக்கும் ஏரிக்கரை உள்ளானுக்கும் துப்பாக்கி தூக்கிய காலம் ஒன்று இருந்தது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பிறகு வந்த அதன் திருத்தமும் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தன. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பாட்டனார் துப்பாக்கி இருந்தால், அது அந்தக் காலத்து மிச்சம். சிலவற்றின் குழலில் சென்னைக் கடையின் பெயர் இருக்கும். கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ்கூடத் துப்பாக்கி விற்றவர்கள்தான். கடைப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். சரக்கு பெரும்பாலும் பர்மிங்காமிலிருந்து வந்தது.

குழலில் அலையலையாக வரி ஓடினால் அது டமாஸ்கஸ். கும்மிடிப்பூண்டி சிப்காட் உலைகளில் பழைய இரும்பை உருக்கி ஊற்றுகிறார்கள். அது முழுக்க ஒரே உடம்பு. டமாஸ்கஸ் குழல் அப்படி அல்ல. இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, நாடாவாக்கி, ஒரு தண்டின்மேல் சுற்றி, காய்ச்சிக் காய்ச்சி அடித்து ஒட்டினார்கள். கடைசியில் அமிலம் தடவினால் இரும்பும் எஃகும் வேறு வேறு நிறம் காட்டும். அந்த வரிதான் நாம் ரசிப்பது. ஆனால் அதில் எத்தனை அங்குலம் வரியோ அத்தனை அங்குலம் ஒட்டு. ஒட்டுக்குள் கசடு சிக்கியிருந்தாலோ, கடற்காற்றில் துரு இறங்கியிருந்தாலோ வெளியிலிருந்து தெரியாது.

இனி முத்திரைக்கு வருவோம். கிரீடத்துக்குக் கீழே ‘பி.பி.’ என்றால் கரிமருந்துக்குச் சோதித்தது, ‘என்.பி.’ என்றால் புகையில்லா மருந்துக்கும் சோதித்தது. பர்மிங்காமில் 1904 முதல் இந்த வழக்கம். டமாஸ்கஸ் என்றாலே வெடித்துவிடும் என்பது மிகை. புகையில்லா மருந்துச் சோதனையில் தேறிய டமாஸ்கஸ் குழல்களும் உண்டு. ஆனால் அந்தச் சான்று அன்றைய குழலுக்கு. அதற்குப் பிறகு துருவை எடுக்க உள்ளே தேய்த்துத் தேய்த்துச் சுவரை மெலிய வைத்தவர் எத்தனை பேரோ! சுவரின் கனத்தை அதற்குரிய கருவியால் அளந்து பார்க்காமல் எந்த முத்திரையையும் நம்ப நான் தயாரில்லை. ‘பி.பி.’ மட்டும் இருந்தால் இன்றைய தோட்டாவை அதன் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பலர் ஏமாறுவது நீளத்தில். பழைய 12 போர் துப்பாக்கிகளில் தோட்டா அறை பெரும்பாலும் இரண்டரை அங்குலம், அதாவது சுமார் 65 மில்லிமீட்டர். இன்று சாதாரணமாகக் கிடைப்பது 70. அந்த 70 என்பது சுட்டு வாய் விரிந்த பிறகு உள்ள நீளம். வாய் மடிந்திருக்கும் புதுத் தோட்டா 60 மில்லிமீட்டருக்கு இப்பாலோ அப்பாலோ இருக்கும். அதனால் 65 அறைக்குள் சமர்த்தாக உட்கார்ந்து, துப்பாக்கியும் ‘க்ளிக்’ என்று மூடிக்கொள்ளும். குதிரை விழுந்ததும் மடிப்பு விரிய இடமில்லாமல், குழல் ஒடுங்கும் கழுத்துக்குள் நுழைந்து வழியைக் குறுக்கும். பின்னால் அழுத்தம் ஏறும். “உள்ளே போயிடுச்சே, சரியாத்தானே இருக்கும்?” என்று கேட்பவருக்கு இதுதான் பதில். சக்திமான் தோட்டாவோ வேறெதுவோ, பெட்டியில் அச்சிட்ட நீளத்தையும் ரவையின் எடையையும் படித்த பிறகே காசை நீட்ட வேண்டும். ரவை ஈயமாக இருக்கட்டும். எஃகு ரவை பழைய குழலுக்கு ஆகாது.

இன்னொரு எமன் 20 போர் தோட்டா. அது 12 போர் குழலில் வழுக்கி இறங்கி முன்னால் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். அதன் பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் பிளந்துவிடும், பிடித்திருக்கும் இடது கைக்கு நேராக. இரண்டையும் ஒரே பையில் போடுகிறவரோடு நான் வரப்பில்கூட நடக்க மாட்டேன்.

கழற்றிய குழல்களைக் கொக்கியில் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். ‘டொக்’கென்று அடங்கினால் இரு குழலையும் இணைக்கும் பட்டை எங்கோ விட்டிருக்கிறது. மூடிய துப்பாக்கியை விளக்குக்கு எதிரே பிடித்தால் குழலுக்கும் பின்தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசியக் கூடாது. இவை முதல் பார்வைக்குத்தான். தீர்ப்பு துப்பாக்கி மெக்கானிக்குடையது.

துப்பாக்கி தேறினாலும் உரிமம் வேண்டும். அப்பா இறந்தால் அவர் உரிமமும் அவரோடு போய்விடும். வாரிசு தன் பெயரில் வாங்கும்வரை துப்பாக்கி ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற கடையிலோ இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, பரம்பரைச் சொத்தானாலும் ஒருவருக்கு இரண்டுக்கு மேல் கிடையாது. தேர்தல் வந்தால் மறுபடி ஸ்டேஷன். ஒப்படைக்கும் முன் எண்ணெய்த் துணியை உள்ளே ஓட்டிவிடுங்கள். திரும்ப வாங்கியதும், சுவரில் மாட்டுவதற்கே ஆனாலும், மடக்கி இரண்டு குழலையும் வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர்க் குளவிக்குத் திறந்த குழல் கண்டால் போதும், மண் கொண்டுவந்து கூடு கட்டிவிடும். அந்தக் கைப்பிடி மண்ணோடு சுட்டால் நல்ல எஃகுக் குழலும் தாங்காது.